‘நல்லா இருக்கு’ என்று எழுதிய குற்றம்

‘சாம்பல் ஏரி’ வாசகர் மன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தபோது கேலன் டோர்விக் ஒரு பாதிரியார் வீட்டுச் சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். டுலூத் நகரத்து மேட்டுத் தெருவில் இருக்கும் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் பகுதி அவருடைய பொறுப்பு. டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தார்.

“தங்கள் பின்னூட்டம் மன்றத்தின் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இது தண்டனை அல்ல. தண்டனை பின்னர் தெரிவிக்கப்படும்.”

அவர் எழுதிய பின்னூட்டம் இரண்டே சொல்: ‘நல்லா இருக்கு.’

‘சாம்பல் ஏரி’ இணையத்தில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு பக்கமாக வருகிற சித்திரக்கதை. உலகம் அழிந்துவிட்டது, எதனால் என்று ஆறு வருடமாகச் சொல்லப்படவில்லை. மிஞ்சியவர்களில் சிலர் பெரிய ஏரியின் கரையோரமாக வடக்கே நடந்துகொண்டிருக்கிறார்கள். வில்லா என்று ஒரு பெண், பிஸ்கட் என்று அவளுடைய ஒற்றைக்கண் குதிரை, கூட ஐந்தாறு பேர். நடப்பார்கள். பசியால் வாடுவார்கள். இடிந்த கடைக்குள் புகுந்து எதையாவது கண்டெடுப்பார்கள், அதைப் பங்கு போடுவதில் சண்டை பிடிப்பார்கள், பிறகு சேர்ந்து சமைப்பார்கள். வினிபெக் நகரத்தில் ஒரு பெண் தன் வீட்டில் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்து இதை வரைகிறாள். துவைக்கும் இயந்திரம் ஓடும் நாட்களில் கோடு கொஞ்சம் நடுங்கும் என்று அவளே ஒருமுறை எழுதியிருந்தாள்.

கேலன் அந்தக் கதைக்கு அடிமை. பக்கம் வரும் நாட்களில் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும். காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு படிப்பார். படித்து முடித்ததும் பக்கத்தின் மேலே போய் மறுபடியும் படிப்பார். பிஸ்கட்டின் முன்னங்காலில் ஆணி ஏறிய பக்கம் வந்த வாரம் முழுக்கக் கடையில் அவர் முகம் சரியில்லை. யாருக்கு உடம்பு முடியவில்லை என்று முதலாளி கேட்டதற்கு, தெரிந்த ஒருவருக்குக் காலில் அடி என்று சொல்லிவிட்டார். பொய் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பின்னூட்டம் எழுதுவதற்கு வேறொரு காரணம் இருந்தது.

மனைவி ஜாய்ஸ் இறந்துபோன வருடம், ஏரிக்கரையில் இருந்த அவர்களுடைய கோடைக்கால மரவீட்டைக் கேலன் ஒரே வாரத்தில் விற்றுவிட்டார். மகள் பிரிட்டாவிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. வாங்கினவர்கள் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அன்றைக்குப் போனில் கத்தியதோடு சரி, அதன் பிறகு எடுக்கவே இல்லை. பல மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு இணைப்பு மட்டும் வந்தது, ஒரு வார்த்தை கூட இல்லாமல். திறந்தால் ‘சாம்பல் ஏரி’யின் முதல் பக்கம்.

அவர் படித்தார். அதுவரை வந்திருந்த கடைசிப் பக்கத்தைத் தொட்டதும் ‘நல்லா இருக்கு’ என்று அடியில் எழுதினார். மறுநாள் அதற்குக் கீழே ‘ஈரக் கையுறை’ என்ற பெயரில் ஒரு வரி வந்திருந்தது: ‘குதிரை மெலிஞ்சிருக்கு.’ சின்ன வயதில் பனியில் ஆடிவிட்டு நனைந்த கையுறையோடு வீட்டுக்கு வந்து தினமும் அம்மாவிடம் திட்டு வாங்கின பெண் ஒருத்திதான் அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரம் அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி. போனில் பேசாத அப்பாவும் மகளும் அழிந்துபோன உலகத்தின் அடியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடம் மன்றத்தின் ஆளுகைக்குட்பட்டது என்று கேலனுக்குத் தெரியாது.

மன்றம் உண்டான விதம் எளிமையானது. கதை தொடங்கிய வருடம், பின்னூட்டப் பகுதியில் போலிக் கைக்கடிகார விளம்பரங்கள் வந்து குவிந்தன. யாராவது இதை அழித்துத் தர முடியுமா என்று வரைகிற பெண் கேட்டாள். டுலூத்தில் காப்பீட்டு நிறுவனமொன்றில் இழப்பீட்டு மனுக்களை நிராகரிக்கும் வேலையிலிருந்த லீலண்ட் ப்ரவுட்டி, தான் செய்வதாகச் சொன்னார். ஒரே வாரத்தில் விளம்பரங்கள் ஒழிந்தன. ஆனால் லீலண்டுக்கு அதற்குள் கை பழகிவிட்டது. முதலில் கெட்ட வார்த்தைகளை நீக்கினார். பிறகு எழுத்துப் பிழைகளை. பிறகு கதைக்குச் சம்பந்தமில்லாதவற்றை. எது சம்பந்தமில்லாதது என்று முடிவு செய்ய ஒரு குழு தேவைப்பட்டது. குழுவைக் கண்காணிக்க ஒரு மன்றம் தேவைப்பட்டது. மன்றத்துக்கு ஒரு தலைவர் தேவைப்பட்டார்; அவர் தயாராக இருந்தார்.

ஒருமுறை வரைகிற பெண்ணே தன் பக்கத்தின் அடியில் வந்து, ‘குதிரைக்கு ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்’ என்று எழுதிவிட்டாள். ஆதாரமில்லாத ஊகம் என்று மன்றம் அதை நீக்கி, அவளை ஒரு வாரம் தள்ளிவைத்தது. அந்த வாரத்தில் நிறைய வரைய முடிந்தது என்று அவள் நன்றி சொல்லி எழுதினாள். அதுவும் நீக்கப்பட்டது.

விசாரணை, கர்லிங் கிளப் கட்டிடத்தின் மாடிக் கூடத்தில் நடந்தது. கீழே பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விளையாடுகிறவர்களின் கூச்சல் தரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நீள மேசைக்குப் பின்னால் மன்றத்தார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதையில் வருகிறவர்களைப் போல எல்லோர் கழுத்திலும் நச்சுப்புகை முகமூடி தொங்கியது. லீலண்ட் மட்டும் போட்டுக்கொண்டே துவக்க உரை ஆற்றினார். உள்ளேயிருந்து உறுமல் மாதிரி ஏதோ நெடுநேரம் வந்தது. பக்கத்திலிருந்த செயலாளர் டெனிஸ் குவாம், ‘தலைவர் எழுச்சியுரை நிகழ்த்தினார்’ என்று குறித்துக்கொண்டாள். அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளராக இருக்கிறவள். யார் முனகினாலும் புரிந்தது போல் தலையாட்டும் பழக்கம் அவளுக்கு உண்டு.

லீலண்ட் முகமூடியைக் கழற்றினார். “மிஸ்டர் டோர்விக், ‘நல்லா இருக்கு’ன்னு எழுதியிருக்கீங்க. எது நல்லா இருக்கு?”

“பக்கம்தாங்க.”

“பக்கத்துல எது? கோடா, வண்ணமா, வசனமா?”

கேலன் யோசித்தார். “அந்தப் பொண்ணு தன் சூப்புல பாதியைக் குதிரைக்குக் குடுக்குதுல்ல, அது.”

“அந்தப் பக்கத்துல பின்னாடி ஒரு ஊரே எரிஞ்சு கிடக்கு. கவனிச்சீங்களா?”

“கவனிச்சேங்க.”

“அதையும் சேர்த்துத்தான் நல்லா இருக்குன்னீங்களா?”

“இல்லைங்க. சூப் குடுத்தது மட்டும்.”

“ஆனா நீங்க அப்படிப் பிரிச்சு எழுதலையே.” லீலண்ட் இரண்டு பக்கமும் திரும்பி மன்றத்தாரைப் பார்த்தார். “ஒரு ஊர் எரிஞ்சதைப் பாத்து ஒருத்தர் நல்லா இருக்குங்கறார். நான் எதுவும் சொல்லல. எழுதியிருக்கறதைப் படிக்கறேன், அவ்வளவுதான்.”

மன்றத்தார் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேலனுக்கே ஒரு நிமிடம் தான் ஏதோ செய்துவிட்டோம் என்று தோன்றியது.

“பாருங்க மிஸ்டர் டோர்விக்,” என்றார் லீலண்ட், குரலைத் தாழ்த்தி. “உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது. இந்தக் கதையை நாங்க நேசிக்கறோம். எவ்வளவு நேசிக்கறேன்னா, மன்ற வேலையில மூணு மாசமா நான் ஒரு பக்கம் கூடப் படிக்கல. அதை நான் வெளிய சொல்லிக்கறதில்ல. உலகம் அழிஞ்சா என்ன மிஞ்சும்னு இந்தக் கதை கேக்குது. நான் பதில் சொல்றேன். விதி மிஞ்சும். சூப் எல்லாம் ஆறிப்போகும்.”

காரணமற்ற புகழ்ச்சி என்ற பிரிவின் கீழ், கேலன் பின்னூட்டப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வகுப்பை டெனிஸ் நடத்தினாள். கேலன் ஒருவர்தான் மாணவர். திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினாள். முழுக்க வெள்ளை, ஓரத்தில் மட்டும் குதிரையின் தலை. இதற்கு மன்றம் ஏற்கத்தக்க விதத்தில் ஒரு பின்னூட்டம் எழுத வேண்டும். கேலன் பென்சிலைக் கடித்தபடி நெடுநேரம் பார்த்தார். கடைசியில், ‘பனி. குளிரும்’ என்று எழுதிக் கொடுத்தார்.

டெனிஸ் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “கேலன், இதைப் பனின்னு நீங்களா எப்படி முடிவு பண்ணீங்க?”

“வெள்ளையா இருக்கே. குதிரை வாய்லேருந்து ஆவி வேற வருது.”

“அது சாம்பலா இருக்கலாம்னு ஒரு தரப்பு சொல்லுது. ரெண்டு வருஷமா உபகுழு உக்காந்து பேசிட்டிருக்கு. முடிவு வர்ற வரைக்கும் இது வெறும் பனி இல்ல. மன்றம் இன்னும் தீர்மானிக்காத பனி.”

“அப்ப நான் என்ன எழுதணும்?”

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “எனக்கும் தெரியலைங்க. நான் எழுதறதையே விட்டுட்டேன்.”

கேலன் தேறவில்லை. அவருடைய பெயர் தற்காலிகமாக முடக்கப்பட்டது. பக்கங்களைப் படிக்கலாம், எழுத முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வில்லாவின் கூட்டம் ஒரு உடைந்த பாலத்தின் முனைக்கு வந்து நின்றது. பாலத்தின் நடுப்பகுதி இல்லை. கேலன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்ததும் விரல் தன்னால் கீழே போயிற்று. எழுதுகிற கட்டம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஈரக் கையுறை தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘நல்லா இருக்குன்னு சொல்ற ஆள் எங்க?’

அதற்கடுத்த பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

கேலன் கடையில் ஒரு பெண் கேட்ட நீலப் பெயிண்டுக்குப் பதில் பச்சை கலந்து கொடுத்தார். போனை எடுத்து மகளின் எண்ணைப் பார்ப்பார், வைத்துவிடுவார். இரண்டு வருடமாக மணியடித்து மணியடித்து நின்றுபோன எண் அது. பின்னூட்டத்தில் எழுதுகிற பெண் போனை எடுக்கிற பெண்ணாகவும் இருப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஒரு வரி திரும்பக் கிடைத்தால் போதும் என்று மேல்முறையீடு செய்தார். பிப்ரவரியில் நடக்கும் ஆண்டு மாநாட்டில் அது எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது.

மாநாட்டுக்கு ஃபார்கோவிலிருந்தும் கிரீன் பேயிலிருந்தும் தண்டர் பேயிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கர்லிங் கிளப்பின் அதே மாடிக் கூடத்தில் கடைகள் போட்டிருந்தார்கள். வில்லா போட்டிருப்பது போன்ற கிழிந்த கோட்டு, புதிதாகக் கிழித்தது, கிடைத்தது. கதையில் வரும் தண்ணீர் வடிகட்டியை ஒருவர் அச்சு அசலாக அட்டையில் செய்து வைத்திருந்தார். தண்ணீர் பட்டால் ஊறிவிடும், தள்ளி நின்று பாருங்கள் என்று எச்சரித்தார். பேரழிவு ஆயத்தக் குழுவின் அறிக்கையும் அங்கே வாசிக்கப்பட்டது. குழு நான்கு ஆண்டுகளாகக் கூடி, ‘ஆயத்தம்’ என்ற சொல்லுக்கு ஏறக்குறைய ஒரு விளக்கத்தை எட்டியிருந்தது. கைதட்டினார்கள்.

காலையிலேயே ஏரியிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. நண்பகலுக்குள் சன்னலுக்கு வெளியே தெருவும் இல்லை, வண்டிகளும் இல்லை, வெள்ளை மட்டும்தான். மதியச் சாப்பாடு கொண்டுவர வேண்டிய வேன் மலைச்சரிவில் சிக்கிக்கொண்டது என்று செய்தி வந்தது. சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று. வெப்பமூட்டி ஒரு முனகலோடு நின்றது.

இருட்டான கூடத்தில் யாரோ, “என்னங்க செய்யறது இப்ப?” என்றார்.

லீலண்ட் மேசையைத் தட்டினார். “அமைதி. கரண்ட் போனது கதைக்குச் சம்பந்தமில்லாத விஷயம். நம்ம விதிப்படி சம்பந்தமில்லாததைக் கூட்டத்துல பேசக் கூடாது.”

“எனக்குக் கை விறைக்குது,” என்றாள் ஃபார்கோவிலிருந்து வந்த ஒரு பெண்.

“உங்களுக்கு முதல் எச்சரிக்கை.”

அவரவர் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள். பிறகு அதே பெண் மெதுவாக, “வில்லாவுக்கு இப்ப கை விறைச்சிருக்கும்னு நான் நினைக்கறேன்,” என்றாள்.

லீலண்ட் யோசித்தார். “அனுமதிக்கப்படுது.”

“வில்லாவுக்குக் காலையிலேருந்து பசி,” என்றார் பின் வரிசையில் ஒருவர்.

“வில்லா கூட வந்தவங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடணும்.”

“வில்லா ஒரு காரியமா வெளிய போகணும். ரொம்ப நேரமா அடக்கிட்டிருக்கா.”

“அதுக்குக் கதையில ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார் லீலண்ட். இல்லை என்று ஒப்புக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்தார். முழங்காலை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

அப்போது மாடிப்படியில் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. கர்லிங் கிளப் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்லீன் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். பின்னாலேயே வெந்த உருளைக்கிழங்கும் கறியும் மணக்கும் வாசனை வந்தது.

“இன்னும் இங்கதான் இருக்கீங்களா? கீழ காஸ் அடுப்பு எரியுது. ஹாட்டிஷ் ரெண்டு பெரிய தட்டு சுட்டு வச்சிருக்கேன். வந்து சாப்பிடுங்க.”

எல்லோரும் பாதி எழுந்தார்கள்.

“அம்மா, நீங்க உறுப்பினரா?” என்றார் லீலண்ட்.

“எதுல?”

“அப்ப நீங்க அவையில பேச முடியாது. அவை சாப்பாட்டு விஷயத்தைப் பிறகு எடுத்துக்கும். முன்னாடி ஒரு மேல்முறையீடு இருக்கு.”

ஆர்லீன் அவரை டார்ச் அடித்துப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய முகமூடியையும் பார்த்தாள். “ஆறிடும்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தாமல் இறங்கிப் போனாள். வாசனை மட்டும் நின்றது.

பாதி எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

“மிஸ்டர் டோர்விக், முன்னாடி வாங்க.”

கேலன் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். லீலண்டின் முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. அது எதிர்பாராத அளவுக்கு அன்பாக இருந்தது.

“உங்க மனுவை முழுசாப் பாத்தோம். நீங்க விவரமில்லாம பண்ணியிருக்கீங்க, கெட்ட எண்ணத்துல இல்ல. உங்களைத் திரும்பச் சேத்துக்கறதுல மன்றத்துக்குத் தடையில்ல. ‘விசுவாச வாசகர்’னு பேருக்குப் பக்கத்துல ஒரு குதிரைலாடம் கூடப் போட்டுத் தரலாம். ஒரு சின்ன உதவி மட்டும் வேணும்.”

“சொல்லுங்க.”

“ஈரக் கையுறைன்னு ஒருத்தர். ‘குதிரை மெலிஞ்சிருக்கு’, ‘சூப் தண்ணியா இருக்கு’, ‘இவங்களுக்குக் கூடாரம் கட்டத் தெரியல’. தொடர்ந்து அவதூறு. எப்பவும் உங்க வரிக்குக் கீழதான் எழுதறாங்க, வேற யார்கிட்டயும் பேசறதில்ல. அது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு நாங்க நினைக்கறோம்.”

“தெரியும்.”

“பேரைச் சொல்லுங்க. அவங்களை நிரந்தரமா நீக்கிடுவோம். இன்னைக்கே நீங்க எழுதலாம்.”

கீழே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் இல்லாத இடத்தில் எழுதும் உரிமை தனக்குக் கிடைக்கப்போகிறது என்பது கேலனுக்கு மெல்லத்தான் உறைத்தது.

“சொல்ல மாட்டேங்க,” என்றார்.

“ஏன்?”

“எனக்கு வேண்டியவங்க.”

“இந்த மன்றத்தை விட வேண்டியவங்களா?”

கேலன் எந்தக் கேள்வியையும் மதித்து யோசிக்கிறவர். இதையும் நின்று யோசித்தார். காத்திருந்தவர்கள் பூட்ஸைத் தரையில் தேய்க்கும் சத்தம் கேட்டது.

“ஆமாங்க.”

லீலண்ட் மேசையைத் தட்டினார். பிறகு எழுந்து நின்றார். “கேட்டீங்களா? ஒரு வாசகர், கதையை விட ஒரு மனுஷர் முக்கியம்னு சொல்றார். இப்படி ஒருத்தருக்காகத்தான் நாங்க விதி எழுதினோம். அழிவுக்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கக் கூடாதுங்கறதுதான் இந்தக் கதை சொல்ற பாடம்னு அவருக்குப் புரியல. நான் படிச்ச வரைக்கும் அதான் பாடம். ஆயுள்கால நீக்கம். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க.”

இருட்டில் யார் கை தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

“ஒருமனதா நிறைவேறுது. டெனிஸ், குறிச்சுக்கிட்டீங்களா?”

ஒரு பென்சில் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது.

“இருட்டுல எனக்கு எழுத வராது லீலண்ட்,” என்றாள் டெனிஸ். “பசிக்குது. வில்லாவுக்கு இல்ல. எனக்கு.”

அவள் சுவரைத் தடவிக்கொண்டு கதவுக்குப் போனாள். படியில் அவளுடைய காலடி இறங்குவது கேட்டது. அடுத்து எழுந்தவர், முழங்காலை இறுக்கிக்கொண்டிருந்த மனிதர், அவர் ஓடினார். அதன் பிறகு நாற்காலிகள் இழுபடும் சத்தம்தான். கழுத்துகளில் முகமூடிகள் ஒன்றோடொன்று இடிபட, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படியிறங்கினார்கள். அட்டை வடிகட்டியை யாரோ மிதித்துவிட்டார்கள்.

லீலண்ட் மட்டும் மேலேயே இருந்துவிட்டார். கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டுமானால் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழிய அவர் இருந்தார். வழிமொழிய ஆளில்லை. ஆகவே விதிப்படி கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

கீழே சமையலறையில் அடுப்பின் நீலச் சுடரும் இரண்டு லாந்தரும் எரிந்தன. கர்லிங் ஆடுகிறவர்களும் மன்றத்தாரும் கலந்து நின்று சாப்பிட்டார்கள். ஃபார்கோ பெண் இரண்டு கையாலும் தட்டை அணைத்துப் பிடித்திருந்தாள். “நல்லா இருக்கு,” என்று ஆர்லீனிடம் சொன்னவள், பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஆர்லீன் ஒரு தட்டில் நிறைய அள்ளி வைத்து, “மேல இருக்கற அந்த ஐயாவுக்கு,” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். சம்பந்தமில்லாத பொருள் என்ற குறிப்போடு அவர் அதை வாங்கிக்கொண்டார் என்று பிறகு சொன்னாள்.

கேலன் தன் தட்டை முடித்துவிட்டு, துடைப்பங்கள் சாத்தியிருந்த நடைக்கு வந்தார். இனி அந்தக் கட்டம் எந்நாளும் திறக்காது. அவளிடம் ஒரு வரி சொல்ல வேறு வழியே இல்லை என்று ஆனபோது, போனை எடுப்பது முன்பிருந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது நாய்கள் குரைக்கும் சத்தம் காதில் விழுந்தது.

“அப்பாவா?”

“ஆமாம்மா.”

“யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. இங்க புயல். கரண்ட் இல்ல. இப்பதான் சாப்பிட்டேன்.”

கொஞ்ச நேரம் நாய்கள் மட்டும் பேசின.

“அப்ப ஏன் எழுதறதே இல்ல? நான் பாட்டுக்கு உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சுட்டிருக்கேன். போன் பண்ணிக் கேக்கவும் எனக்கு வீம்பு.”

“என்னை வெளிய அனுப்பிட்டாங்கம்மா.”

“யாரு?”

கேலன் சொன்னார். விசாரணை, வகுப்பு, தீர்மானிக்காத பனி, லாடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பாதியிலேயே அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஜாய்ஸ் சிரிப்பது போலவே மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, சிரித்து முடிக்கட்டும் என்று நின்றார்.

“என் பேரைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே. எனக்கென்ன நஷ்டம்?”

“எப்படிம்மா? உன்னை நீக்கிட்டா நீ எங்க போய் எழுதுவ? ஆசையாப் படிக்கறவ.”

“அப்பா, நான் அதைப் படிக்கறதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது.”

கேலன் நிமிர்ந்து நின்றார்.

“எனக்குப் பொறுமை இல்லப்பா. நடந்துக்கிட்டே இருக்காங்க. நேராக் கீழ போய் உன் வரி வந்திருக்கான்னு பாப்பேன். அப்புறம் மேல படத்துல என்ன இருக்கோ அதைப் பத்தி ஏதாவது ஒண்ணு எழுதிட்டு வேலைக்குப் போயிடுவேன்.”

அப்பா என்ற முறையில் அவருக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். அது பிறகு நடந்தது. முதலில் காயப்பட்டது அவருக்குள் இருந்த வாசகர்தான்.

“அப்ப அவங்க சுரங்கத்துக்குள்ள மாட்டினது?”

“எந்தச் சுரங்கம்?”

“குதிரைக்குக் கண்ணு போனது?”

“அதுக்கு ரெண்டு கண்ணு இருந்துச்சே.”

கேலன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவள் மறுபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“வீட்டை வித்ததுல எனக்கு இன்னும் கோபம்தான். அது போயிடுச்சுன்னு நினைக்காத.”

“தெரியும்.”

“ஏன்ப்பா அப்படிப் பண்ண?”

அவர் நடையின் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். “உங்கம்மா போனப்புறம் ஒரு தடவை அங்க போனேன். பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ள முடியல. தள்ளினா அவ இல்லன்னு ஆயிடும்னு இருந்துச்சு. அப்படியே திரும்பி வந்து வித்துட்டேன்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கத்தியிருக்க மாட்டேன்ல.”

“அன்னைக்கு இப்படிச் சொல்ல வரலம்மா.”

போனை வைத்துவிட்டாளோ என்று காதில் அழுத்திக் கேட்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு யாரையோ பார்த்து, “கொஞ்சம் நீங்க அந்த நாயைப் பிடிச்சுக்கோங்க, எங்கப்பா பேசறாரு,” என்றாள்.

“வேலை இருந்தா வை. அப்புறம் பேசலாம்.”

“இல்ல, வைக்காத.” கதவு ஒன்று மூடும் சத்தம் கேட்டது, நாய்களின் குரல் அடங்கியது. “சரி, நான் எதை எதை விட்டேன்? சொல்லு.”

“ஒரு வருஷத்துக் கதைம்மா அது. நேரமாகும்.”

“ஆகட்டும். மெதுவாச் சொல்லு.”

கேலன் நடையிலிருந்த ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுரங்கத்தின் வாசலிலிருந்து ஆரம்பித்தார்.